ரங்கூன் தேநீர்க் கடையில் ஒரு சர்க்கரை நோயாளியின் காலைப் பலகாரம்

சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை, இனிமேல் தேநீர்க் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதுதான். அதைச் சொன்னவர் மருத்துவர் அல்லர், என் மைத்துனர். ரங்கூனில் பிறந்து, ஐம்பத்தேழு வயது வரை நாளுக்கு மூன்று வேளை முக்காலியில் குந்தித் தேநீர் குடித்த ஒருவனிடம் இதைச் சொல்வது, கோயிலுக்குப் போ, ஆனால் சாமி கும்பிடாதே என்று சொல்வதைப் போன்றது. இந்த ஊரில் செய்தி, கல்யாணப் பேச்சு, கடன், சமாதானம் எல்லாம் தேநீர்க் கடையில்தான் நடக்கின்றன. ஆகவே கடையை விடாமல் சர்க்கரையை எப்படிப் பிடித்து வைப்பது என்று நானும் என் மனைவியும் இரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அதற்கு வாய்த்த ஒரு கடையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கடை அனவ்ரதா வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், ஸ்ரீ காளியம்மன் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1871இல் நம் முன்னோர் கட்டிய கோயில் அது என்பதால் வழி சொல்ல வசதியாக இருக்கிறது. கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. தமிழர்கள் அக்கா கடை என்கிறார்கள், பர்மியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. நடத்துபவர் ஒரு தமிழ்ப் பெண்மணி, தேநீர் ஆற்றுபவர் பர்மியர், மேசைக்கு மேசை ஓடும் பையன்கள் மூவரும் ஐராவதிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். எட்டு மேசைகள், முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் முக்காலிகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிளாஸ்க்கு, தண்ணீர்க் கிண்ணத்தில் கவிழ்த்து வைத்த சிறு கோப்பைகள். மற்றக் கடைகளில் இருப்பவைதான் இங்கும் இருக்கின்றன.

முதலில் தேநீரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு சர்க்கரை நோயாளிக்கு இந்த ஊரில் ஆபத்தும் தப்பிக்கும் வழியும் அதில்தான் இருக்கின்றன. பர்மியத் தேநீரில் நாம் அறிந்த வகையில் சீனி போடுவது குறைவு. இனிப்பு வருவது நொஸி எனப்படும் கட்டிப் பாலிலிருந்து. அந்தப் பாலில் எடைக்குப் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஒரு பெரிய கரண்டி ஊற்றினால் பத்துக் கிராம் சர்க்கரை கோப்பைக்குள் இறங்கிவிடுகிறது, கடைக்காரர்கள் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வழிகாட்டுதலின்படி, சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராம் அளவில் நிறுத்துவது நல்லது. மூன்று வேளையும் ச்சோ செய்ன் என்ற தித்திப்பான பால் தேநீர் குடிப்பவர் அந்தக் கணக்கை விடிந்து இரண்டு மணி நேரத்திற்குள் முடித்துவிடுவார்.

ஆனால் ஒரு வசதி இங்கே உண்டு. தேநீரின் இனிப்பையும் கடுப்பையும் பாலையும் தனித்தனியே சொல்லிக் கேட்பதற்குப் பர்மிய மொழியில் ஆயத்தமான சொற்கள் இருக்கின்றன. இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமானால் ச்சோ செய்ன். கடுப்பும் பாலும் என்றால் ச்சா செய்ன். எல்லாவற்றிலும் தித்திப்பானது ச்சௌ படவுங். பனைவெல்லம் காய்ச்சும் வறண்ட சீமையில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் அது. கடுப்பு மட்டும் நிற்க, இனிப்புக் குறைந்து வர வேண்டுமானால் போ ச்சா. தமிழ்க் காதில் இது ‘போச்சா’ என்று விழும். நான் முதன்முதலில் அதைக் கேட்டு வாங்கிய நாளில் என் மனைவி, “எல்லாம் போச்சா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அதன்பின் எங்கள் வீட்டில் அந்தத் தேநீருக்கு அதுவே பெயராகிவிட்டது.

அக்கா கடையின் போச்சாவுக்கு நான் தயங்காமல் உயர்ந்த மதிப்பெண் தருவேன். பல கடைகளில் போச்சா கேட்டால், கட்டிப்பாலைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெந்நீரால் நிரப்பித் தருகிறார்கள்; குடித்தால் பாத்திரம் கழுவிய நீரைப் போல் இருக்கிறது, குடித்தவர் மறுநாளே ச்சோ செய்னுக்குத் திரும்பிவிடுகிறார். இங்கே ஆற்றுபவர் தேயிலைச் சாற்றை நன்றாகக் கொதித்து இறங்கிய பிறகே எடுக்கிறார், கட்டிப்பாலைச் சிறு கரண்டியில் பாதியாக விட்டு, இனிப்பில்லாத பாலைக் கொஞ்சம் சேர்க்கிறார். துவர்ப்பு நாக்கின் ஓரங்களைப் பிடிக்கிறது, இனிப்பு கடைசியில் நூலளவு எட்டிப் பார்க்கிறது. பெரிய கோப்பை கேட்டால் அக்காவே சிறிய கோப்பையில் தரச் சொல்லிவிடுகிறார். ஒரு கோப்பைக்கு மேல் ஆசை வந்தால் மேசைப் பிளாஸ்க்கில் யேநுவே ஜான் இருக்கிறது: பாலும் சீனியும் இல்லாத வெறுந்தேநீர், காசும் இல்லை. ரங்கூன்வாசிகள் கையருகே வைத்துக்கொண்டு கண்டுகொள்ளாத மருந்து என்று அதைத்தான் சொல்வேன். என்ன, மருந்து என்ற சொல்லை இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். அது சர்க்கரையைக் குறைக்காது, ஏற்றாது, அவ்வளவுதான். அந்த அவ்வளவே எனக்குப் போதும்.

இந்தக் கடைக்கு நாங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்லாவிட்டால் நான் ஏன் இதைப் புகழ்கிறேன் என்பது விளங்காது. 2022இல் என் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 9.4 என்று வந்தது. ஏழுக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். முதல் ஆறு மாதங்கள் என் மனைவி எனக்குத் தனியாகச் சமைத்தாள். பிள்ளைகளுக்குச் சோறும் குழம்பும், எனக்கு மட்டும் தட்டில் வேகவைத்த காய். அந்தத் தட்டைப் பார்த்தாலே எனக்கு ஆஸ்பத்திரி வாடை வரும். அவள் வெல்ல டப்பாவை ஒளித்து வைப்பாள், நான் கண்டுபிடிப்பேன். காலை நடைக்குப் போகிறேன் என்று சொல்லி, நடந்து போய் வேறொரு கடையில் ச்சோ செய்னும், பலாட்டா எனப்படும் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை மகன் வாங்கித் தந்த பின்பு என் பொய் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒருநாள் கருவியில் 271 காட்டியது. அவள் திட்டவில்லை. “என்னங்க, நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, காவல்காரியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குப் பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. அவள் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்க மாட்டாள். எண் என்ன என்று மட்டுமே கேட்பாள். நான் எண்ணை மறைக்க மாட்டேன். தேநீர்க் கடைக்குத் தனியாகப் போக மாட்டேன், போனால் அவளும் வருவாள், அவளுக்கு வருவதே எனக்கும் வரும். கடைசி நிபந்தனையை வைத்தவள் அவள்தான். கணவன் முன்னால் வெறுந்தேநீரும், தன் முன்னால் பாலாடை மிதக்கும் ச்சோ செய்னும் இருந்தால் அது ஆதரவில்லை, வேடிக்கை பார்ப்பது என்பது அவள் கருத்து.

அவள் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. என்னோடு சேர்ந்து அவளும் பரிசோதனை செய்துகொண்டபோது அவளுக்கு 5.9 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். கணவனுக்கோ மனைவிக்கோ சர்க்கரை இருந்தால் மற்றவருக்கும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் சொன்னார்கள். இரத்த உறவு இல்லாத இருவருக்கு எப்படி ஒட்டும் என்றால், ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஒரே சோம்பல். வாசலில் நிற்பதைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதற்கும் நம்மவர்களிடமே சான்று உண்டு. சென்னையில் நடந்து 2006இல் வெளிவந்த இந்திய ஆய்வில், நோயின் வாசலில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டபோது நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது 26.4 தான். இதைப் படித்துக் காட்டியபோது அவள், “அப்ப நான் உங்களுக்காக மட்டும் வரலேன்னு வெச்சிக்குங்க” என்றாள். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருவர் எனக்காகத் தியாகம் செய்துகொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தோடு எத்தனை நாள்தான் பலகாரம் சாப்பிட முடியும்?

இனிப் பலகாரத்துக்கு வருகிறேன். இந்தக் கடையில் நான் முதலிடம் கொடுப்பது பெ பியோவுக்கு. முளைகட்டி வேகவைத்த பட்டாணிதான் அது. விடியற்காலையில் தலையில் கூடை வைத்துப் பெண்கள் தெருத்தெருவாகக் கூவி விற்பதும் அதுவே. கடைகளில் அதை நான் ரொட்டியோடு தருவார்கள், சிலர் ஒட்டரிசிச் சோற்றோடு வாங்குவார்கள். அக்கா கடையில் பட்டாணி குழையாமல், தோல் வெடித்து உள்ளே மாவாக இருக்கும் பதத்தில் வருகிறது. அதன்மேல் பொன்னிறமாக வறுத்த சின்ன வெங்காயம், ஒரு சொட்டு எண்ணெய், உப்பு. முதல் நாள் என் மனைவி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, “நவராத்திரிச் சுண்டல்ல தேங்கா மட்டும் இல்ல” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒன்பது நாள் பிரசாதமாகச் சாப்பிடுவதை நாம் ஏன் ஆண்டு முழுவதும் சாப்பிடுவதில்லை? பட்டாணியும் கடலையும் வெள்ளைச் சோற்றைவிட மிக மெதுவாகவே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகின்றன, நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்து வருவதால் பசியும் பதினொரு மணி வரை தாங்குகிறது.

நாங்கள் அதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் 148 இருந்தபோது, பழைய வழக்கப்படி ஒரு ச்சோ செய்னும் சீனி தூவிய பலாட்டாவும் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 264. அடுத்த சனிக்கிழமை வெறும் வயிற்றில் 151. அன்றைக்கு ஒரு கிண்ணம் பெ பியோ, அவித்த முட்டை ஒன்று, பாதி நான் ரொட்டி, ஒரு போச்சா. இரண்டு மணி நேரம் கழித்து 183. மூன்றாம் வாரம் அதையே சாப்பிட்டுவிட்டு, பட்டாணியையும் முட்டையையும் முதலில் முடித்து ரொட்டியைக் கடைசியில் எடுத்தேன், எழுந்ததும் நேராக மகாபந்துலா பூங்கா வரை கால்மணி நேரம் நடந்தேன், 166. ஒரு மனிதனின் மூன்று காலைகளை வைத்து யாரும் ஆய்வு எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் புரதத்தையும் காயையும் முன்னால் தின்று மாவுப் பண்டத்தைப் பின்னுக்குத் தள்ளுவதும், சாப்பிட்டதும் சிறிது நேரம் நடப்பதும் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கின்றன என்பது பல ஆய்வுகளில் கண்டதுதான். அது என் விரல் நுனியிலும் நடந்ததைப் பார்த்தபோதே நான் நம்பினேன். மூன்று எண்களையும் என் மனைவி நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தாள். அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை.

தோசை, இட்லி பற்றி என்னால் அவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக உளுந்து அனுப்பும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, அக்கா தோசை மாவில் உளுந்தைக் கிள்ளிப் போடுகிறார். வெள்ளை அரிசி மாவுதான் தோசை என்று வருகிறது, அதுவும் தட்டை மீறி நீளமாக, விளிம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க. சாம்பாரில் உருளைக்கிழங்கு மிதக்கிறது. முருங்கைக்காயை மட்டும் தேட வேண்டியிருக்கிறது. தேங்காய்ச் சட்டினியில் ஒரு சிட்டிகைச் சீனி போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, பர்மியர்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றார். இட்லி மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கு மேல் நான் தொடுவதில்லை. வீட்டில் என் மனைவி பாசிப்பயற்றை ஊறவைத்துத் தோசை வார்க்கிறாள். மின்சாரம் வரும் நேரம் பார்த்து, சில நாட்களில் நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து, மாவு அரைக்க வேண்டியிருக்கிறது. நானும் எழுந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவளுக்கு விளக்குப் பிடிப்பேன். அந்தத் தோசையைத் தின்றுவிட்டுக் கடைத் தோசையைத் தின்ன மனம் வராது என்பதால், என் மதிப்பீடு நடுநிலையானது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மொஹிங்காவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் போட்டுக் காய்ச்சிய சாறு நமக்கு நல்லது. அதற்குள் கிடக்கும் அரிசிச் சேமியா நமக்கு ஆகாது. ‘தவெ’ என்றால் பாதி. மொஹிங்கா கேட்கும்போது சேமியா தவெ என்று சொல்லிவிட்டு, சாறு கூடுதலாகவும், முட்டை ஒன்றும், கொத்தமல்லி நிறையவும் கேளுங்கள். சுரைக்காய் பஜ்ஜியை அதன்மேல் நொறுக்கிப் போட வருவார்கள், கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். கடலைமாவில் செய்த ஷான் தோஹு வெள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும் கிடைக்கிறது. பொரித்த துண்டாக வாங்காமல், துண்டுகளை வெங்காயம், புளி, மிளகாய்த் தூளோடு பிசைந்து கலவையாக வாங்கினால் அதைப் போன்ற பலகாரம் வேறில்லை. வல்லாரைக் கலவையும் நன்று. எலுமிச்சம்பழத்தைக் கேட்டு வாங்கிப் பிழிந்துகொள்ளுங்கள். எண்ணெயைக் குறைக்கச் சொல்ல ‘ஸி ஷொ’, கட்டிப்பாலைக் குறைக்கச் சொல்ல ‘நொஸி ஷொ’ என்று இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டால் பர்மிய மொழி தெரியாத உறவினரும் இங்கே பிழைத்துக்கொள்ளலாம்.

ஈச்சாக்குவே என்ற எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி, சமோசா, பலாட்டா மூன்றையும் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அவை நன்றாக இருக்கின்றன, அதுதான் சிக்கல்.

கடையின் பெரிய குறை தாமதம். ஏழரை மணிக்கு மேல் போனால் பையன்கள் யார் என்ன கேட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள், ஒருமுறை பக்கத்து மேசையின் ச்சோ செய்ன் என் முன்னால் வந்து, நான் பேச்சு சுவாரசியத்தில் பாதி குடித்தும்விட்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிட மோசமான ஒரு காலை. எனக்கு அப்போது மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்ற மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. போட்டுக்கொண்டால் சாப்பாடு பின்தொடர்ந்து வந்தாக வேண்டும். நான் வீட்டிலேயே அதை விழுங்கிவிட்டுக் கடைக்கு நடந்து வந்தேன். அன்றைக்குக் கூட்டம், அடுப்பில் ஏதோ கோளாறு, முக்கால் மணி நேரமாகியும் தட்டு வரவில்லை. பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று கோபமாகக் கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்து, கை நடுங்கியதை முதலில் பார்த்தவள் என் மனைவி. பைக்குள்ளிருந்த கருவியில் 58 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்நிலை. அக்கா பதறிப்போய் ச்சௌ படவுங் ஒன்று போடச் சொன்னார், என் மனைவி வேண்டாம் என்று சொல்லி, வெறும் தண்ணீரில் மூன்று சிறு கரண்டிச் சீனியைக் கலக்கி என் வாயருகே பிடித்தாள். பாலின் கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவது தாமதமாகும், அதனால் ஏறத்தாழப் பதினைந்து கிராம் சர்க்கரையைத் தனியாகக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று அவள் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. மறுபடி பார்த்தபோது 92.

இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்குப் பயந்து ஓடியவனுக்குச் சர்க்கரையே உயிர் கொடுத்த காலை அது. அந்த வாரமே மருத்துவரிடம் போய், உணவைக் குறைத்திருக்கிறேன், நடக்கிறேன் என்று சொன்னேன். அவர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், நான் பின்னால் சொன்னேன். கடைமீது எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்று முதல் எங்களைக் கண்டால் அக்கா மற்ற எதையும் கேட்காமல் முதலில் இரண்டு அவித்த முட்டைகளை மேசைக்கு அனுப்பிவிடுகிறார். கேட்காத முட்டைக்கும் கணக்கு எழுதுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தூய்மை விஷயத்தில் மேசை துடைக்கும் துணியை மட்டும் அடிக்கடி மாற்றலாம். கோப்பைகளை வெந்நீரில் அலசுகிறார்கள், அதற்கு மேல் ஒரு நடைபாதைக் கடையிடம் நான் எதிர்பார்க்கவில்லை. விலையை எழுதினால் இதை நீங்கள் படிப்பதற்குள் மாறியிருக்கும். பெ பியோவும் முட்டையும் போச்சாவும் இரண்டு பேர் சாப்பிட, ஒருவர் பலாட்டாவும் இறைச்சியும் ச்சோ செய்னும் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகிறது என்று மட்டும் சொல்லலாம். கழிப்பறை இல்லை, சர்க்கரை கூடுதலாக இருந்து அடிக்கடி போக வேண்டியவர்கள் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவது நலம். திஞ்ஞான் நீர்த் திருவிழா நாட்களில் கடை மூடியிருக்கும்.

முக்காலிகள் தாழ்வாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எழுவது கடினம், எனக்குக் கை கொடுக்க ஆள் இருக்கிறது. சுவரோரத்து மேசைக்குப் பக்கத்தில் ஒரு மர விசிப்பலகை கிடக்கிறது, ஏழு மணிக்கு முன்னால் போனால் அது கிடைக்கும். அங்கே உட்கார்ந்தால் இருபத்தாறாம் தெருச் சந்தைக்குக் கீரைக்கட்டுகளைத் தூக்கிப் போகிறவர்களைப் பார்க்கலாம். என் மனைவி தேநீர் குடித்துக்கொண்டே அவர்களை நிறுத்தி முருங்கைக்கீரையும் புளிச்சக்கீரையும் பேரம் பேசி வாங்கிவிடுவாள், திரும்பி நடக்கும்போது அந்தக் கட்டு என் தோளில் இருக்கும்.

சென்ற மாதம் என் எண் 7.1. ஏழுக்குக் கீழே இன்னும் இறங்கவில்லை. அவளுடையது 5.6க்கு வந்துவிட்டது. சோதனைக்கூடத்திலிருந்து நேராக அக்கா கடைக்குத்தான் போனோம், அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பையன்களில் சின்னவன் எங்களைக் கண்டதும், நாங்கள் உட்காரும் முன்பே உள்ளே திரும்பி, “போச்சா ரெண்டு” என்று தமிழிலேயே குரல் கொடுத்தான். அடுப்படியிலிருந்து அக்கா, “அண்ணி வந்துட்டாங்களா?” என்று கேட்டார். என்னைப் பற்றி அவர் கேட்கவில்லை.